விலங்கின் உறுப்பை நம் உடல் ஏன் ஏற்பதில்லை?

(பத்தாம் வகுப்பு மாணவி)

முன்னுரை

'நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்' என்பது நம் முன்னோர் வாக்கு. காய்ச்சலும் இருமலும் மருந்துக்குக் கட்டுப்படும். ஆனால் இதயமோ, கல்லீரலோ, சிறுநீரகமோ அடியோடு பழுதுபட்டுவிட்டால் மருந்து மட்டும் போதாது. நல்ல உறுப்பு ஒன்றைப் பொருத்துவதே நிலையான வழியாகும். அந்த நல்ல உறுப்பைத் தருவோர் எங்கே? அமெரிக்காவில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாற்று உறுப்புக்காகப் பெயர் கொடுத்துக் காத்திருக்கின்றனர். தம் முறை வருமுன்னரே இறந்துபோவோரும் பலர்.

"ஆட்டுக்கும் பன்றிக்கும் இதயம் உண்டு, சிறுநீரகம் உண்டு. அவற்றை எடுத்து மனிதருக்குப் பொருத்தினால் என்ன?" என்று நம்மில் யாரும் கேட்கக்கூடும். நல்ல கேள்விதான். முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக வைத்தியர்களும் விஞ்ஞானிகளும் இதற்கு விடை தேடி வருகின்றனர். அவர்கள் கண்டறிந்தவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

உடலின் காவற்படை

பள்ளிக்கூட வாயிலில் நிற்கும் காவலரை நினைத்துப் பாருங்கள். சீருடையும் பாட்ஜும் அணிந்து வரும் மாணவியரை அவர் தடுப்பதில்லை. புதியவர் யாரேனும் வந்தால் உடனே நிறுத்திவிடுவார். நம் உடலிலும் அப்படியே. நம் ஒவ்வொரு செல்லின் மேற்பரப்பிலும் சில புரதங்களும் சர்க்கரைப் பொருள்களும் அடையாளச் சின்னங்களாக அமைந்துள்ளன. இரத்தத்தில் உலாவும் வெள்ளணுக்கள் இச்சின்னங்களைச் சோதித்துக்கொண்டே இருக்கின்றன. அயலான சின்னத்தைக் கண்டதும் அவை போருக்கு எழுகின்றன. சில வெள்ளணுக்கள் ஆன்டிபாடி எனப்படும் எதிர்ப்பொருள்களைச் சுரந்து பகைவன்மேல் ஒட்டச் செய்கின்றன. வேறு சில நேரடியாகவே சென்று அயல் செல்லைக் கொல்கின்றன. ஒருமுறை கண்ட பகைவனை நினைவில் வைத்திருந்து, மறுமுறை வந்தால் இன்னும் விரைவாகத் தாக்குகின்றன. தடுப்பூசி பயன் தருவது இந்த நினைவாற்றலால்தான்.

இந்தக் காவல் இல்லாவிட்டால் சாதாரணச் சளியும் நம்மைச் சாய்த்துவிடும். ஆனால் இக்காவற்படைக்கு ஓர் இயல்பு உண்டு. உள்ளே வருவது உயிரைக் காக்க வந்த உறுப்பா, உயிரைக் குடிக்க வந்த கிருமியா என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை. 'நம்முடையதா, அயலானதா' என்பதே அதன் கேள்வி. ஆகையால் நோயாளியைக் காப்பாற்ற வைத்த சிறுநீரகத்தையும் பகைவனாக எண்ணி அழிக்கிறது. இதையே உறுப்பு நிராகரிப்பு என்கிறோம்.

ஆட்டுக்குட்டியின் இரத்தம்

இரத்தமும் ஒரு திசுவே. விலங்கின் திசுவை மனிதருக்குச் செலுத்திய பழைய முயற்சிகளுள் பெயர் பெற்றது 1667-ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டில் நடந்தது. ழான் பத்திஸ்த் தெனி என்னும் வைத்தியர், காய்ச்சலால் மெலிந்திருந்த 15 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு ஆட்டுக்குட்டியின் இரத்தத்தைச் சிறிதளவு செலுத்தினார். அளவு குறைவாக இருந்ததால் அவன் பிழைத்துக்கொண்டான். பின்னர் வேறொருவருக்குக் கன்றின் இரத்தத்தை ஒருமுறைக்கு மேல் செலுத்தியபோது அவருடைய சிறுநீர் புகைக்கரிபோலக் கறுத்தது. சில நாட்கள் தேறியிருந்த அம்மனிதர் பின்னர் இறந்துபோக, வழக்கு நீதிமன்றம் சென்றது. இவ்வகை முயற்சிகளுக்குப் பிரான்சில் தடை வந்தது.

சிறுநீர் கறுத்ததன் காரணம் அக்காலத்தில் யாருக்கும் விளங்கவில்லை. இன்று நமக்கு விளங்குகிறது. நோயாளியின் எதிர்ப்பொருள்கள் கன்றின் சிவப்பணுக்களை உடைத்து நொறுக்கின. அந்த அணுக்களின் நிறப்பொருள்தான் சிறுநீரில் வெளியேறியது. மனிதருக்குள்ளேயே இரத்த வகைகள் பல உண்டு என்பதை 1901-இல் கார்ல் லாண்ட்ஸ்டைனர் வெளியிட்டார். அதற்காக அவருக்கு 1930-இல் நோபல் பரிசு கிடைத்தது.

பூத்தையல் தந்த பாடம்

உறுப்பை மாற்ற வேண்டுமானால் அதன் இரத்தக் குழாய்களை நோயாளியின் குழாய்களோடு கசிவின்றித் தைக்க வேண்டும். அதைச் செய்யத் தெரியாமல் வைத்தியர்கள் திகைத்திருந்த நாளில், பிரான்சின் லியோன் நகரைச் சேர்ந்த அலெக்சிஸ் காரல் என்னும் இளம் வைத்தியர் அந்நகரின் பூத்தையல் கலைஞரான ஒரு பெண்மணியிடம் சென்று மெல்லிய ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்டார். அந்தப் பயிற்சியைக் கொண்டு இரத்தக் குழாய்களை இணைக்கும் முறையை 1902-இல் வெளியிட்டார். 1912-இல் நோபல் பரிசு பெற்றார். தையல் வகுப்பை அலட்சியமாக நினைக்கும் தோழியர் இதைக் கவனிப்பார்களாக!

அதே லியோன் நகரில் 1906-இல் மாத்தியூ ஜபூலே என்பவர், ஒரு நோயாளிக்குப் பன்றியின் சிறுநீரகத்தையும் மற்றொருவருக்கு ஆட்டின் சிறுநீரகத்தையும் பொருத்திப் பார்த்தார். இரண்டிலும் இரத்தம் உறைந்து முயற்சி தோற்றது. கை தேர்ந்தால் மட்டும் போதாது, உடலின் உள்ளே வேறொரு தடை இருக்கிறது என்பது இதனால் புலனாயிற்று.

மெடாவர் கண்ட உண்மை

இரண்டாம் உலகப் போரில் தீக்காயமுற்றோர் ஏராளம். அவர்களுக்குப் பிறருடைய தோலை ஒட்டினால் சில நாட்கள் நன்றாக இருந்து பிறகு உதிர்ந்துவிட்டது. பீட்டர் மெடாவர் என்னும் ஆங்கில விஞ்ஞானி 1943-இல் இதைக் கூர்ந்து ஆராய்ந்தார். ஒருவருடைய தோலையே இரண்டாம் முறை எடுத்து ஒட்டியபோது முதல் முறையைவிட விரைவாக உதிர்ந்ததைக் கண்டார். அப்படியானால் உடல் முதல் தோலை நினைவில் வைத்திருக்கிறது. எனவே இது தையலின் குற்றம் அன்று, நோய் எதிர்ப்பு ஆற்றலின் வேலையே என்று அவர் தெளிந்தார். 1960-இல் மெக்பார்லேன் பர்னெட் என்பவரோடு சேர்ந்து நோபல் பரிசு பெற்றார்.

இவ்வுண்மைக்கு 1954-இல் பாஸ்டன் நகரில் சான்று கிடைத்தது. ஜோசப் முர்ரே என்னும் அறுவை சிகிச்சை நிபுணர், உருவொத்த இரட்டையருள் ஒருவருடைய சிறுநீரகத்தை மற்றவருக்குப் பொருத்தினார். இருவருக்கும் அடையாளச் சின்னங்கள் ஒன்றே ஆதலால் உடல் அதை எதிர்க்கவில்லை. இரட்டையர் அல்லாதவருக்கு எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகள் தேவைப்பட்டன. நார்வே நாட்டு மண்ணில் கிடைத்த ஒரு பூஞ்சையிலிருந்து எடுக்கப்பட்ட சைக்ளோஸ்போரின் என்னும் மருந்து 1983-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன்பின் மனிதரிடமிருந்து மனிதருக்கு உறுப்பு மாற்றுவது பெரிதும் எளிதாயிற்று.

குரங்குகளை நாடிய காலம்

உருவத்திலும் உடலமைப்பிலும் மனிதருக்கு நெருங்கியவை குரங்கினங்கள். ஆகவே வைத்தியர்கள் முதலில் அவற்றை நாடினர். 1963, 1964-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் கீத் ரீம்ட்ஸ்மா என்பவர் 13 நோயாளிகளுக்குச் சிம்பன்ஸியின் சிறுநீரகங்களைப் பொருத்தினார். பெரும்பாலோர் சில வாரங்களில் இறந்தனர். ஆனால் ஓர் இளம் பள்ளி ஆசிரியை ஒன்பது மாதம் வாழ்ந்தார். மீண்டும் வேலைக்கும் சென்றார். 1964-இல் ஜேம்ஸ் ஹார்டி என்பவர் ஒரு நோயாளிக்குச் சிம்பன்ஸியின் இதயத்தைப் பொருத்தினார். அது ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமே இயங்கியது. மனித இதயம் மனிதருக்கு மாற்றப்பட்டது 1967-இல்தான் என்பது இங்கு நினைக்கத்தக்கது.

1984 அக்டோபரில் கலிபோர்னியாவின் லோமா லிண்டா மருத்துவமனையில், இதயம் முழுமையாக வளராமல் பிறந்த ஒரு பெண் சிசுவுக்கு லெனார்ட் பெய்லி என்பவர் பபூன் குரங்கின் இதயத்தைப் பொருத்தினார். 'பேபி ஃபே' என்று உலகம் அக்குழந்தையை அழைத்தது. அச்சிறு உயிர் ஏறத்தாழ 20 நாட்கள் போராடி அணைந்தது. குழந்தையின் இரத்தம் 'ஓ' வகை. பபூன்களில் 'ஓ' வகை கிடைப்பது மிக அரிது. இந்த வேறுபாடும் தோல்விக்கு ஒரு காரணம் எனப்பட்டது. எனினும் அக்குழந்தையின் கதையைக் கேட்ட பின்னரே, சிசுக்களுக்கும் இதய தானம் தேவை என்பதைப் பலர் உணர்ந்தனர். மறு ஆண்டு 1985-இல் அதே வைத்தியர் பிறந்து சில நாட்களே ஆன மற்றொரு சிசுவுக்கு மனித இதயத்தைப் பொருத்தி வெற்றி கண்டார்.

பன்றியும் ஒரு சர்க்கரையும்

குரங்குகள் மெதுவாகவே பெருகும். அவற்றின் கிருமிகள் மனிதரை எளிதில் பற்றும். பல இனங்கள் அழியும் நிலையிலும் உள்ளன. ஆகவே விஞ்ஞானிகளின் கவனம் பன்றியின் பக்கம் திரும்பியது. பன்றி என்றதும் முகம் சுளிப்போர் உண்டு. ஆனால் அதன் இதயமும் சிறுநீரகமும் அளவில் மனித உறுப்புகளை ஒத்தவை. அது ஒரே ஈற்றில் பல குட்டிகளை ஈனும், விரைவில் வளரும். நீரிழிவு நோயாளிகள் பலர் நெடுங்காலம் உயிர் வாழ்ந்தது பன்றியின் கணையத்திலிருந்து எடுத்த இன்சுலினால்தான் என்பதையும் மறக்கலாகாது.

ஆனால் பன்றியின் உறுப்பை அப்படியே வைத்தால் சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ அது கறுத்து, இரத்தம் உறைந்து செயலிழந்துவிடும். இதற்குப் பெருங்காரணம் ஒரு சர்க்கரைப் பொருளாகும். அதன் பெயர் ஆல்ஃபா-கேல். பன்றி, மாடு, ஆடு முதலிய பல பாலூட்டிகளின் செல்களில் இது உண்டு. மனிதரிடத்திலும் மனிதக் குரங்குகளிடத்திலும் இது இல்லை. நம் குடலில் வாழும் பாக்டீரியாக்கள் சிலவற்றிடம் இதைப் போன்ற சர்க்கரை இருப்பதால், பச்சிளம் பருவம் கடந்ததுமே நம் உடல் அதற்கு எதிரான ஆன்டிபாடிகளைச் செய்து தயாராக வைத்துக்கொள்கிறது. பன்றியையே பார்த்திராதவர் இரத்தத்திலும் அவை இருக்கும்!

பன்றியின் உறுப்பில் நம் இரத்தம் பாய்ந்தவுடன் என்ன நடக்கிறது? முதலாவதாக, இந்த ஆன்டிபாடிகள் அவ்வுறுப்பின் இரத்தக் குழாய்ச் சுவரில் ஒட்டுகின்றன. உடனே 'காம்ப்ளிமென்ட்' என்னும் புரதங்கள் கூடி அச்சுவரைத் துளைக்கின்றன. இது அதிவிரைவு நிராகரிப்பு. இதைத் தாண்டினாலும் நாட்கள், வாரங்கள் கழித்துப் புதிய ஆன்டிபாடிகளும் வெள்ளணுக்களும் தாக்கும். இது இரண்டாம் நிலை. அதையும் கடந்தால் மாதங்கள், ஆண்டுகள் கணக்கில் குழாய்கள் மெல்லத் தடித்து உறுப்பு நலிவது மூன்றாம் நிலை. மனித உறுப்பு மாற்றிலும் இவை நேர்வதுண்டு. ஆனால் இரத்த வகை முதலியவற்றை முன்னரே பார்த்துப் பொருத்துவதால் முதல் நிலையைப் பெரும்பாலும் தவிர்த்துவிடலாம். பன்றியின் உறுப்பிலோ முதல் நிலையே பெரும் மதிலாக நின்றது.

வால்வு மட்டும் எப்படி?

"பன்றியின் வால்வை மனித இதயத்தில் வைக்கிறார்களே, அது மட்டும் எப்படி நிலைக்கிறது?" என்று கேட்கலாம். பிரான்சின் அலன் கார்பாந்தியே என்பவர் 1960-களில் இம்முறையை வளர்த்தார். அந்த வால்வை குளூட்டரால்டிஹைடு என்னும் இரசாயனத்தில் ஊறவைத்துப் பதப்படுத்துகின்றனர். அதில் உயிருள்ள செல்கள் இருப்பதில்லை. தோலைப் பதனிட்டுச் செருப்பாக்குவது போன்றது அது. உயிரற்றதாதலால் காவற்படை அதைப் பெரிதாக எதிர்ப்பதில்லை. ஆனால் சிறுநீரகம் உயிரோடு இருந்தால்தானே இரத்தத்தை வடிகட்டும்? அதைப் பதப்படுத்தி வைக்க இயலாது. அங்கேதான் சிக்கல் எழுகிறது.

காவலனை அடக்குவதா, விருந்தாளியை மாற்றுவதா?

எதிர்ப்பாற்றலை முற்றிலும் அடக்கினால் உறுப்பு பிழைக்கும், ஆனால் நோயாளியைக் கிருமிகள் கொன்றுவிடும். எனவே விஞ்ஞானிகள் வேறு வழி சிந்தித்தனர். காவலனை ஓரளவுக்கு மேல் அடக்காமல், உள்ளே வரும் விருந்தாளியின் அடையாளத்தை மாற்றினால் என்ன? 2000-ஆம் ஆண்டில் பன்றிகளை நகலாக்கம் செய்யும் முறை கைவந்தது. ஆல்ஃபா-கேல் சர்க்கரையை உண்டாக்கும் மரபணுவை நீக்கிய பன்றிக்குட்டிகள் அடுத்த சில ஆண்டுகளுக்குள் பிறந்தன. பின்னர் 2012-இல் எம்மானுவேல் சார்பாந்தியே, ஜெனிபர் டவுட்னா என்னும் இரு பெண் விஞ்ஞானிகள் 'கிறிஸ்பர்' எனும் மரபணுத் திருத்த முறையை வெளியிட்டனர். 2020-இல் இருவரும் நோபல் பரிசு பெற்றனர். அதன்பின் ஒரே பன்றியில் பல மரபணுக்களைத் திருத்துவது எளிதாயிற்று.

2022 ஜனவரியில் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் 57 வயதான ஒருவருக்குப் பன்றியின் இதயம் பொருத்தப்பட்டது. அப்பன்றியில் 10 மரபணு மாற்றங்கள் செய்யப்பட்டிருந்தன. அயலான சர்க்கரைகளை உண்டாக்கும் 3 மரபணுக்கள் நீக்கப்பட்டன. இதயம் அளவுக்கு மீறி வளராதபடி ஒன்று செயலற்றதாக்கப்பட்டது. காம்ப்ளிமென்ட்டையும் இரத்த உறைவையும் கட்டுப்படுத்துபவை முதலிய 6 மனித மரபணுக்கள் சேர்க்கப்பட்டன. அதிவிரைவு நிராகரிப்பு நேரவில்லை. அவர் ஏறத்தாழ இரண்டு மாதம் வாழ்ந்தார். அந்த இதயத்தில் பன்றிகளுக்குரிய ஒரு வைரஸ் ஒளிந்திருந்தது பின்னர் தெரியவந்தது.

2024 மார்ச்சில் பாஸ்டனில் 62 வயதான ஒருவருக்கு 69 மரபணு மாற்றங்கள் செய்யப்பட்ட பன்றியின் சிறுநீரகம் பொருத்தப்பட்டது. அவற்றுள் 59 மாற்றங்கள் பன்றியின் மரபணுத் தொகுதியிலேயே பதிந்துள்ள வைரஸ்களைச் செயலிழக்கச் செய்வதற்கு. அவரும் மே மாதத்தில் இறந்தார். சிறுநீரகத்தால் இறந்ததற்கு அறிகுறி இல்லை என மருத்துவமனை அறிவித்தது.

2024 நவம்பரில் நியூயார்க்கில் நடந்தது நம் நெஞ்சைத் தொடுவது. அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த 53 வயதுப் பெண்மணி ஒருவர், பல ஆண்டுகளுக்கு முன் தம் ஒரு சிறுநீரகத்தைத் தாய்க்குக் கொடுத்தவர். பின்னாளில் அவருக்கு எஞ்சியிருந்த சிறுநீரகமும் பழுதுபட்டது. அவருடைய இரத்தத்தில் பிறர் திசுக்களுக்கு எதிரான ஆன்டிபாடிகள் மிகுதியாக இருந்தமையால் பொருத்தமான மனிதச் சிறுநீரகம் கிடைக்கவில்லை. பன்றியின் சிறுநீரகம் அவருக்கு 130 நாட்கள் உழைத்தது. இடையில் வேறொரு தொற்று வந்தது. அதனோடு போராட எதிர்ப்பாற்றல் தேவை என்று வைத்தியர்கள் அடக்கும் மருந்தைக் குறைத்தனர். காவற்படை எழுந்தது, சிறுநீரகத்தையும் தாக்கியது. 2025 ஏப்ரலில் அதை அகற்ற நேர்ந்தது. அவர் உயிரோடு வீடு திரும்பி, இயந்திரத்தின் மூலம் இரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் சிகிச்சையைத் தொடர்ந்தார். காவலை ஏற்றினால் உறுப்புக்கு ஆபத்து, இறக்கினால் உயிருக்கு ஆபத்து என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலும் சொல்லாது. 2025 ஜனவரியில் மற்றொருவருக்குப் பொருத்திய பன்றிச் சிறுநீரகம் 271 நாட்கள் பணி செய்த பின் அகற்றப்பட்டது. அதே ஆண்டில் முறையான சோதனைச் சிகிச்சைகளுக்கு அமெரிக்க அரசு அனுமதி அளித்தது.

அறநெறி சொல்வது

விலங்கின் உறுப்பைப் பெற்றால் மனிதன் மனிதனாக இருப்பானா என்று சிலர் அஞ்சுவர். திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1956-இலேயே இதைப்பற்றிப் பேசினார். இத்தகைய மாற்று அனைத்தையும் ஒரேயடியாகத் தவறென்று ஒதுக்க முடியாது, எந்த உறுப்பு என்பதைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்பது அவர் கருத்து. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2000-ஆம் ஆண்டில் இரண்டு நிபந்தனைகளை எடுத்துரைத்தார். பெறுபவரின் தன்னடையாளம் சிதையக்கூடாது. வெற்றிக்குத் தக்க ஆதாரம் இருக்க வேண்டும், நோயாளிக்கு அளவு கடந்த ஆபத்தும் கூடாது என்பனவே அவை. நோயாளிக்கு எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லி அவர் முழு மனத்தோடு சம்மதித்த பிறகே செய்ய வேண்டும் என்பதும், விலங்குகளை வீணே வதைக்கலாகாது என்பதும் நாம் உணர வேண்டியவை.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், உறுப்பை உடல் ஏற்க மறுப்பது ஒரு குறைபாடு அன்று, நம்மைப் பிறந்த நாள் முதல் காத்து வரும் காவலின் மறுபக்கமே என்பது விளங்கும். அக்காவலை அழித்து வெல்ல முடியாது. அறிந்துதான் வெல்ல வேண்டும். ஆசிரியை ஒருவர், பெயர் மறைக்கப்பட்ட ஒரு சிசு, தாய்க்குச் சிறுநீரகம் ஈந்த ஒரு மகள் எனப் பலர் தம் உடலையே பாடப் புத்தகமாக விரித்துக் கொடுத்ததால்தான் இவ்வளவும் தெரியவந்தது. அவர்களை நன்றியோடு நினைப்போமாக.

பன்றியின் சிறுநீரகம் பல்லாண்டு உழைக்கும் நாள் வரலாம். அதுவரை மனிதருக்கு மனிதரே துணை. பேபி ஃபேயின் கதை பல பெற்றோரின் உள்ளத்தைத் திறந்தது போல, உறுப்பு தானத்தைப்பற்றி நம் இல்லங்களிலும் பேசுவோம். தோழியருள் சிலராவது நாளை ஆராய்ச்சிக்கூடத்தில் நுழைந்து, இந்த 271 நாட்களை இருபது ஆண்டுகளாக உயர்த்துவார்கள் என்று நம்புவோம்.